ஆரோவில்லா, சென்னையா, 200 கிலோமீட்டர் சைக்கிளா? மூணுலயும் அடி வாங்குனவனோட அலசல்

பாகூர்ல இருக்குற என் மச்சினன் போன வாரம் போன் பண்ணான். "மாமா, 10 கே, அதான் 10 கிலோமீட்டர், ஓடி முடிச்சிட்டேன், அடுத்து பெருசா ஒண்ணுல பேர் குடுக்கணும், எது நல்லாருக்கும்?"னு கேட்டான். ஒரு வரில பதில் சொல்ல முடியல, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

என்னப் பத்தி கொஞ்சம். வயசு 43, சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. கம்பெனி மெடிக்கல் செக்கப்புல சுகர் பார்டர்ல இருக்குன்னு சொன்னப்புறம் எங்க ஊரு கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல ஓட ஆரம்பிச்சவன். மொத நாள் வல பிரிச்சிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் "இன்னாபா, நாய் தொரத்துதா?"ன்னு கேட்டாரு, இன்னிக்கும் பாத்தா அதையேதான் கேக்குறாரு. இதுவரைக்கும் ஆரோவில்ல ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர் சொச்சம்) ரெண்டு, ஃபுல் (42.195) ஒண்ணு, சென்னையில ஃபுல் ரெண்டு, பிரவேன்னு சொல்ற 200 கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் ஒண்ணரை. அந்த அரை என்னன்னு கீழ சொல்றேன்.

சென்னை மாரத்தான் ஜனவரியில வரும். ஃபுல், 20 மைல், ஹாஃப், 10 கேன்னு நாலு தூரம். 20 மைல்னா 32 கிலோமீட்டர் சொச்சம், ஃபுல்லுக்கு தைரியம் வராதவங்களுக்கும் ஹாஃப் பத்தாதவங்களுக்கும் நல்ல எடம். நான் ஓடுன ரெண்டு தடவையும் நேப்பியர் பாலத்துல இருட்டோட கெளம்பி பீச் பக்கமா அடையார் தாண்டி தெக்கால போற ரூட்டு. பிப்புன்னா நெஞ்சுல குத்திக்கற நம்பர் சீட்டு, அது பின்னாடி டைம் பாக்கற சிப் இருக்கும், நீ ஸ்டார்ட்டிங் லைனத் தாண்டுற நிமிஷத்துலேர்ந்து உன் டைம் ஓடும், அதனால கூட்டத்துல கடைசில நின்னாலும் நஷ்டம் கெடயாது. மொத தடவ போறவங்க இது தெரியாம முன்னாடி போயி இடிச்சிக்கினு நிப்பாங்க, நானும் நின்னேன்.

அப்புறம் பேசர்ங்க. கையில கொடி வெச்சிக்கிட்டு 4:30, 5:00ன்னு எழுதி ஒரே வேகத்துல ஓடுவாங்க, பின்னாடியே ஒரு கும்பல் போகும், அதத்தான் ரன்னர்ங்க 'பஸ்'ன்னு சொல்வோம். 2024 ஜனவரியில நான் 4:30 பஸ்ல ஏறுனேன். அதுல போகணும்னா கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 24 செகண்ட். சில்வர் பீச்ல நான் மூச்சு வாங்காம ஓடுற வேகமே 6:50 தான், கணக்கு தெரிஞ்சும் ஏறுனேன், ஏன்னா சுத்தி எல்லாரும் ஓடுறப்ப கால் தானா போகுது. பாதி தூரத்த 2 மணி 14 நிமிஷத்துல தொட்டப்ப நான்தான் ராஜான்னு நெனச்சேன். 33வது கிலோமீட்டர்ல தொடை ரெண்டும் கல்லாயிடுச்சி, நடந்து, நொண்டி, ஒரு டீக்கடை பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்து, முடிக்கறப்ப 5:21.

இதுக்கு காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல. ஓட்டத்துக்கு தோராயமா ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆளுக்கு 42.195 கிலோமீட்டர்னா 2,950 கலோரி. ஒடம்பு சக்கரைய கிளைகோஜனா மாத்தி சேத்து வெச்சிருக்கறது சுமாரா 2,000. வேகம் ஏற ஏற கொழுப்ப விட்டுட்டு இந்த கிளைகோஜனத்தான் ஒடம்பு அதிகமா எரிக்கும், அதான் 30, 32க்கு மேல செவுத்துல மோதுன மாரி நின்னுடறோம்.

அடுத்த வருஷம் நெலம இன்னும் மோசம். இங்கதான் கடலூர், பாண்டிக்காரங்க ஒண்ணு யோசிக்கணும், சென்னைக்காரங்க எழுதுற டிரெய்னிங் பிளான்ல இது இருக்காது. ஜனவரி ஃபுல்லுக்கு பெரிய ஓட்டமெல்லாம் நவம்பர், டிசம்பர்ல வரும், 30 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயித்துக்கெழம எல்லாம் நமக்கு புயல் சீசன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறுச்சி, பாண்டியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழ, பின்னாடியே தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர்ல ஊருக்குள்ள தண்ணி. அந்த நேரத்துல ஷூ போட்டுக்கினு ஓடப் போறேன்னு சொன்னா வீட்டுல செருப்பாலயே அடிப்பாங்க. டிசம்பர் முழுக்க வீடு கழுவுனதுதான் எனக்கு டிரெய்னிங், நான் ஓடுன பெரிய தூரமே 26 தான். பயந்துக்கினு 5:00 பஸ் பின்னாடி நின்னேன், 4:56ல முடிச்சேன். கம்மியா டிரெய்னிங் எடுத்து 25 நிமிஷம் சீக்கிரமா முடிச்ச கதைய மச்சினன்கிட்ட சொன்னா "அப்ப டிரெய்னிங்கே வேணாமா மாமா"ங்கறான்.

ஆரோவில் மாரத்தான் 2008லேர்ந்து பிப்ரவரியில நடக்குது. சென்னைய விட ஒரு மாசம் தள்ளி வர்றதால பொங்கல் முடிஞ்சி, மழ விட்டு, ரோடு காஞ்சப்புறம் நாலு ஞாயித்துக்கெழம கைக்கு கெடைக்கும். ஊர்லேர்ந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர், காலைல 3 மணிக்கு பைக்க எடுத்தா போதும். சென்னைனா கிட்டத்தட்ட 180, முந்தின நாளே போயி பிப் வாங்கி லாட்ஜ் போட்டு அரத்தூக்கம் தூங்கணும். செலவுல பாதி அங்கயே போயிடும்.

ஓட்டமும் வேற மாரி. தார் ரோடே கம்மி, செம்மண் பாதை, மரத்து வேரு, பொதமணல். சிப் கெடயாது, மொதலாவது ரெண்டாவது கெடயாது, பரிசு கெடயாது. மொத தடவ இது தெரியாம போயி "ரிசல்ட் எங்க பாக்கறது?"ன்னு கேட்டவன் நான்தான். சில்வர் பீச்ல 6:50 ஓடுற அதே ஆளு இங்க 7:15, 7:20 தான் ஓட முடியும், கால் வெக்கற எடத்த பாத்துக்கினே போகணும். நெத்தியில மாட்டுற லைட்டு இல்லாம மொத ஒரு மணி நேரம் இருட்டுல போனீங்கன்னா வேர் தடுக்கி மூஞ்சில மண்ணு, எனக்கு முட்டி தேஞ்சதோட போச்சி. ஆனா வெளிச்சம் வர்ற நேரத்துல மயில் கத்தும் பாருங்க, மரத்துக்கு நடுவுல பனி எறங்கி நிக்கும், அப்ப பக்கத்துல ஓடுற முன்ன பின்ன தெரியாத ஆளு கூட எந்த ஊரு என்னன்னு பேசிட்டு வருவாரு. சென்னையில எல்லாரும் வாட்ச பாத்துக்கினே ஓடுறதால பேச்சு கம்மி. கால் முட்டிக்கும் செம்மண் பரவால்ல, அடுத்த நாள் படி எறங்க முடிஞ்சிது. (அந்த வெள்ள சாக்ஸ் மூணு தடவ ஊற வெச்சும் செவப்பு போகல, வீட்டம்மா தரை துடைக்க எடுத்துக்கிட்டாங்க.)

இவ்ளோ புகழ்ந்துட்டு ஒண்ணு சொல்றேன், மொத ஃபுல்ல ஆரோவில்ல வெச்சிக்காதீங்க. ஹாஃபுக்கு அத மாரி எடம் கெடயாது, ஆனா ஃபுல்லுல 30 தாண்டினா கூட்டம் கரைஞ்சிடும். முன்னாடி ஒருத்தரும் இல்ல, பின்னாடியும் இல்ல, வெயில் ஏறிடும், பின்னாடி புடிச்சிட்டு போக கொடி கெடயாது. தண்ணி குடுக்குற எடத்துல நிக்கிற பசங்க "அண்ணா சூப்பர்ணா"ன்னு கத்துவாங்க, அது ஒரு அர கிலோமீட்டருக்கு தாங்கும். வாட்ச வேணும்னே வீட்டுல வெச்சிட்டு போனதால நான் எவ்ளோ நேரத்துல முடிச்சேன்னு எனக்கே தெரியாது. பெருமையா சொல்லிக்கலாம்தான், ஆனா அன்னிக்கு 36வது கிலோமீட்டர்ல மணி என்ன ஆச்சின்னு தெரிஞ்சாவது நிம்மதியா இருந்திருக்கும்.

சைக்கிள் கத வேற. பிரவேங்கறது பிரான்ஸ்ல இருக்குற ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் விதிப்படி நடக்குற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம், ஒரே சீசன்ல நாலையும் முடிச்சா சூப்பர் ராண்டனர்னு பட்டம். இங்கயும் ரேங்க் இல்ல, ஆனா கதவ சாத்தற நேரம் உண்டு. நடுவுல கன்ட்ரோல்னு சில எடம் இருக்கும், அந்தந்த நேரத்துக்குள்ள போயி கார்டுல முத்திர வாங்கணும், ஆளு இல்லாத எடத்துல டீக்கடை பில்லோ ஏ.டி.எம். சீட்டோ ஆதாரமா எடுத்துக்கணும். பஞ்சர் ஆனா நீயேதான் ஒட்டணும். சொந்தக்கார பையன் பைக்ல பின்னாடியே வந்து தண்ணி குடுக்கறதெல்லாம் கூடாது.

நான் போனது மார்ச் மாசம், பாண்டியிலேர்ந்து இ.சி.ஆர்.ல மாமல்லபுரம் போயி திரும்புற ரூட்டு. போறப்ப முதுகுல காத்து தள்ளுது, 26, 27ன்னு போறேன், 13 மணி நேரம் எதுக்கு 9 போதும்னு மனசுல கணக்கு போட்டுக்கினு இட்லி வட எல்லாம் உக்காந்து சாப்ட்டேன். திரும்புனா அதே தெக்கத்தி காத்து மூஞ்சில அடிக்குது, 17க்கு மேல ஏற மாட்டேங்குது. மரக்காணம் உப்பளத்துகிட்ட மத்தியானம் ரெண்டு மணி வெயிலுக்கு ஒதுங்க ஒரு புளியமரம் கூட கெடயாது, ரெண்டு பக்கமும் வெள்ளையா உப்பு பளபளக்குது, கண்ணு கூசுது. 12 மணி 50 நிமிஷத்துல முடிச்சேன். மேல சொன்ன அரை எதுன்னா அதுக்கு முந்தின முயற்சி, கையில ஒரே ஒரு டியூப் வெச்சிக்கிட்டு ரெண்டு பஞ்சர் வாங்குனேன், குட்டி யான ஒண்ணுல சைக்கிள ஏத்திக்கினு வீடு வந்து சேந்தேன்.

இத சொன்னா பல பேரு நம்ப மாட்டாங்க, 200 பிரவே ஃபுல் மாரத்தான விட ஒடம்புக்கு லேசு. உக்காந்து மிதிக்கறதால முட்டியில அடி விழாது, களைச்சா மிதிக்காம உருட்டலாம், ஓட்டத்துல அந்த சலுக கெடயாது. வலி எல்லாம் சீட்டுல, கழுத்துல, உள்ளங்கையில. ஆனா ரோட்டுல ஆபத்து அதிகம், அதுல சந்தேகமே வேணாம். லைட்டு, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், ஹெல்மெட் இல்லாம கெளம்பவே கூடாது.

சாப்பாட்டு விஷயம் மூணுக்கும் பொது. வேர்த்து ஊத்துற நம்ம ஊர்ல வெறும் தண்ணியா குடிச்சிக்கினே இருந்தா ரத்தத்துல சோடியம் கொறஞ்சி தல சுத்தல், குழப்பம், பெரிய ஆபத்துலயே கொண்டு விடும். இளநீர்ல பொட்டாசியம் நெறைய, சோடியம் கம்மி, அதனால அது மட்டும் பத்தாது. எனக்கு ஒத்துக்கறது ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டர்ல ஒண்ணு, கூட கடல மிட்டாய். எனர்ஜி ஜெல் வாங்கி ஒரு தடவ சாப்ட்டேன், வயிறு வேணாம்னுடுச்சி.

சில்வர் பீச்லயே டிரெய்னிங் பண்றவங்களுக்கு ஒண்ணு. தண்ணியோரமா இருக்குற கெட்டி மணல் ஒரு பக்கமா சரிஞ்சிருக்கும், போக வர சமமா ஓடலன்னா முட்டியோட வெளிப்பக்கம் வலி புடிக்கும், நான் ஆறு வாரம் படுத்தேன்.

இதெல்லாம் மச்சினன்கிட்ட போன்ல முக்கா மணி நேரம் சொன்னேன். இந்த பிப்ரவரி ஆரோவில் ஹாஃப் ஓடு, சைக்கிள அப்பறம் பாத்துக்கலாம், ஃபுல்ல அடுத்த வருஷம் சென்னையில ஓடு, அதுவும் புயல் வரும்னு நெனச்சி செப்டம்பர்லயே பெரிய ஓட்டத்த ஆரம்பின்னு சொன்னேன். எல்லாத்துக்கும் ம்ம் ம்ம்னு கேட்டுட்டு, "சரி மாமா, ஆரோவில்ல டைமிங் சர்டிபிகேட் தர மாட்டாங்கன்னா ஸ்டேட்டஸ்ல என்னாத்த வெக்கறது?"ன்னான்.

சென்னை ஹாஃபுக்கு பேர் குடுத்துட்டான். 2:30 பஸ் பின்னாடி நில்லுன்னு சொல்லிருக்கேன், 2:15ல ஏறத்தான் போறான்.