ஆயிரம் கஜத்தில் .308: ஒரு பேரல் தேயும்வரை பயன்படுத்திய அனுபவம்

எஃப்-கிளாஸ் என்னும் நெடுந்தூர ரைபிள் போட்டியின் எஃப்-டி.ஆர் பிரிவில் .223, .308 என்ற இரண்டு தோட்டா வகைகளுக்கு மட்டுமே இடம். பைபாட் (முன்பக்க இருகால் தாங்கி), ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. 1000 கஜத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். உள்ளே இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். அந்தத் தூரத்தில் ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) 10.47 அங்குலம் என்பதால், 100 கஜத்தில் கால் அங்குலக் குரூப் (துளைகளின் கூட்டம்) போடும் ரைபிளுக்கு இது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் அதே ரைபிள் இங்கே எட்டுக்கும் ஏழுக்கும் போகும். எங்கே பிசகியது என்பதை குரூப்பே காட்டிக்கொடுத்துவிடும்: மேலும் கீழும் நீண்டிருந்தால் தோட்டாவையும் பைபாடையும் பாருங்கள், பக்கவாட்டில் விரிந்திருந்தால் காற்றைப் பாருங்கள்.

இங்கே பேசப்படும் செட்: 30 அங்குல பேரல் (குழல்), 1:10 முறுக்கு (10 அங்குலத்துக்கு ஒரு சுற்று), பெர்கர் 200.20எக்ஸ் புல்லட், லாபுவா பால்மா கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு), வார்கெட் பவுடர் (வெடிமருந்து), நைட்ஃபோர்ஸ் 15-55 காம்பெடிஷன் ஸ்கோப். வேகம் நொடிக்கு 2650 அடியை ஒட்டி.

முதலில் உயரச் சிதறல். இந்த புல்லட்டில் 10 அடி வேக வித்தியாசம் 1000 கஜத்தில் கிட்டத்தட்ட 3 அங்குலம். ஒரு ஸ்ட்ரிங்கில் (ஒரு சுற்றில் சுடும் தோட்டாக்களின் வரிசை) அதிகபட்ச, குறைந்தபட்ச வேகங்களுக்கு இடையே 30 அடி இருந்தால், காற்றே இல்லாத நாளிலும் பத்து வளையம் முழுக்க அதற்கே செலவாகிவிடும். வார்கெட்டின் ஒரு மணி சுமார் 0.02 கிரெயின் (தோட்டாத் துறையின் எடை அலகு). அந்த அளவுக்கு நிறுக்கும் தராசு வீண் செலவு இல்லை, ஆனால் அது சூடாக அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். மின்விசிறிக் காற்றும் படக் கூடாது. பவுடரைவிட அதிகம் கெடுப்பது கேஸ் கழுத்தின் பிடிமானம். அனீல் செய்யாமல் (சூடாக்கி மென்மையாக்காமல்) நாலைந்து முறை சுட்ட கேஸ்களில் கழுத்து இறுகி, புல்லட் உட்காரும்போது கைக்குத் தெரியும் அழுத்தமே ஒவ்வொன்றுக்கும் மாறும். அப்படி வித்தியாசமாகத் தெரிந்தவற்றைத் தனியே எடுத்து வைத்து, சைட்டருக்கு (புள்ளி சேராத சோதனைச் சுடுதலுக்கு) மட்டும் பயன்படுத்துவது நல்லது.

பால்மா கேஸ் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் சின்ன ரைபிள் ப்ரைமர்தான் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) போகும். அடியிலுள்ள தீத்துளையும் 1.5 மி.மீ.தான். வழக்கமான டீகேப்பிங் பின் (சுட்ட ப்ரைமரைத் தள்ளி எடுக்கும் ஊசி) அதைவிடத் தடிமன். துளையில் சிக்கிக்கொள்ளும், வலிந்து அழுத்தினால் பின் உடையும். மெல்லிய பின்னுக்கு முதலிலேயே மாறிவிடுங்கள். இந்தச் சிறு தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் ப்ரைமர் பாக்கெட் சாதாரண .308 கேஸைவிட வெகுகாலம் இறுக்கமாகவே நிற்கும்.

பேரல் நடுவயதில் இருக்கும்போது வரும் வில்லன் கார்பன் வளையம். கேஸ் வாய்க்கு நேர் முன்னால், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடியும் இடத்தில், எரிந்த கரி கண்ணாடிபோல் இறுகி ஒட்டும். லோடு (புல்லட், பவுடர் சேர்க்கை) மாறியிருக்காது, வானிலையும் அதேதான். ஆனாலும் வேகம் திடீரென ஏறும், போல்ட் (சேம்பரை மூடும் பூட்டு) தூக்கக் கனக்கும், புல்லட் மேலே போகும். போர் ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) விட்டால் கறுப்புப் பட்டையாகக் கண்ணுக்கே தெரியும். திரவக் கிளீனரில் ஊறவைத்தால் மட்டும் இது போகாது. தேய்ந்த பிரஷ்ஷில் பேட்ச் சுற்றி, உராய்வுப் பேஸ்ட் கொஞ்சம் தடவி, அந்த ஒரு இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். முழு பேரலையும் பேஸ்ட்டால் தேய்ப்பது மடத்தனம்.

பைபாட் விஷயத்தில் பனிச்சறுக்குப் பலகை போன்ற அடியுள்ள ஸ்கீ வகைக்கே என் ஓட்டு. அகலமான கால், கீழே மேட், பின்னால் கனமான மணல் பை. சுட்டதும் ரைபிள் நேராகப் பின்னால் வழுக்கி வர வேண்டும்; முன்னே தள்ளியதும் குறுக்குக் கம்பி அதே இலக்குக்குத் திரும்ப வேண்டும். பைபாட் குதித்தாலோ, பை தளர்வாக இருந்தாலோ உயரச் சிதறல் கூடும், பழி மட்டும் லோடு மேல் விழும். ரைபிள் ஒரு டிகிரி சாய்ந்தாலே 5, 6 அங்குலம் பக்கவாட்டில் போகும். குமிழ் லெவல் இல்லாமல் இந்தத் தூரத்துக்கு வரவே வேண்டாம்.

இனி காற்று. மணிக்கு 10 மைல் நேர்க்குறுக்குக் காற்று இந்த புல்லட்டை சுமார் 70 அங்குலம் தள்ளும். ஒரு மைல் தப்பாகக் கணித்தால் 7 அங்குலம். நடுவிலிருந்து பத்து வளையத்தின் ஓரம் 5 அங்குலம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வேறு தோட்டாக்களுக்கும் இடமுள்ள ஓப்பன் பிரிவில் .284 வின்செஸ்டரில் 180 கிரெயின் சுடுபவர்களுக்கு இது ஓர் அங்குலம் குறையும், அவ்வளவே. அதனால் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இலக்கில் குவிக்காமல், பாதித் தூரத்துக்குச் சற்று அப்பால் குவித்துக் கானலை (சூடான காற்றின் அலையோட்டத்தை) பாருங்கள். சாய்ந்து ஓடினால் மென்காற்று. தட்டையாக ஓடினால் பலத்த காற்று, அதற்கு மேல் கானல் வேகம் சொல்லாது, கொடிதான் சொல்லும். நேராக மேலே கொதித்தால் காற்று திசை மாறப் போகிறது, விரலை எடுத்துவிட வேண்டும். பின்னாலிருந்து வீசி இடமும் வலமுமாக அலையும் வால்காற்று எல்லாவற்றிலும் மோசம். பார்வைக்கு ஒன்றும் மாறாததுபோல இருக்கும்.

கானல் கனக்கும் நாளில் 55 மடங்கில் இலக்கு தண்ணீருக்குள் ஆடும். 35க்கு இறக்கினால் வளையம் நிற்கும்.

காத்திருக்கும்போது தோட்டாவை சேம்பரில் போட்டு வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. பத்துப் பதினைந்து ரவுண்டு போன பேரலின் சூட்டில் பவுடர் வெந்து வேகம் கூடும், புல்லட் வளையத்துக்கு மேலே போகும். போல்ட் திறந்தே இருக்கட்டும். காற்று விரும்பிய நிலைக்கு வந்த பிறகு தோட்டாவைப் போடுங்கள். இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் ஆட்கள் மாறி மாறிச் சுடுவார்கள், ஒரு சுடுதலுக்கு 45 நொடி. அங்கே இந்த ஒழுங்கு தானாக வந்துவிடும். அமெரிக்கப் பாணித் தொடர் ஸ்ட்ரிங்கில்தான் கை பரபரக்கும்.

.308இன் பெரிய வசதி ஆயுள். 6.5-284 என்ற தோட்டாவுக்கான பேரல் சுமார் 1000 ரவுண்டிலேயே மூச்சுவாங்கும். இது 3000 தாண்டியும் போட்டிக்கு நிற்கும். தொண்டை (சேம்பருக்கு நேர் முன்னுள்ள குழல் பகுதி) முன்னோக்கித் தேய்வதை சில நூறு ரவுண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். அந்த அளவு வேகமாகக் கூடத் தொடங்கி, நல்ல லோடிலும் காரணமில்லாமல் ஒரு புல்லட் வெளியே போக ஆரம்பித்தால் அந்த பேரலைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம். புதியதைப் பூட்டியதும் முதல் 100, 150 ரவுண்டுக்குள் வேகம் தானாகவே ஏறி நிற்கும். அதற்கு முன் உட்கார்ந்து லோடு தேடினால் பவுடரும் ப்ரைமரும்தான் தீரும்.