குரோமா, ஆவாரம் பட்டையா?

தோலை அழுகாத பொருளாக மாற்ற ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இரண்டு வழிகள் உண்டு: குரோமியம் உப்பு அல்லது தாவரப் பட்டை.

குரோமின் பலம் வேகம். பதனிடும் கட்டம் ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடும். தோல் மென்மையாக இருக்கும், கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கும். உலகத் தோலில் பெரும்பகுதி இப்படித்தான் பதனிடப்படுகிறது. ஆனால் வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்று தீர்ப்பளித்ததை இங்கே எவரும் மறக்கக் கூடாது.

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் நம் பழைய முறை. உறுதியான செருப்பு அடித்தோலுக்கும் பைகளுக்கும் ஏற்றது. ஆனால் வாரக்கணக்கில் ஊற வேண்டும். அது முற்றிலும் தூய்மையானது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். டேனின் என்ற பட்டையின் துவர்ப்புப் பொருள் கலந்த பழுப்புநீர் எளிதில் மட்காது.

இரு முறைக்கும் பொதுவான கேடு ஒன்றும் இருக்கிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு அது. பாலாற்றங்கரைக் கிணறுகளை உவர்ப்பாக்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பட்டைக்கு மாறினாலும் அந்த உப்பு குறையாது.

பைக்கும் பெல்ட்டுக்கும் பட்டையையே தேர்வேன். மென்தோல் காலணிக்குக் குரோம் தவிர்க்க முடியாதென்றால், சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நீரில்லாக் குரோம் முறையில் பதனிட்ட தோலைக் கேட்டு வாங்குங்கள்.