வழக்கமான ஆராதனையா, தோமா ஆராதனையா?

சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழிவந்த லுத்தரன் சபை என்றாலே பாவ அறிக்கை, வேதபாடங்கள், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து என்று முறைமைப் புத்தகப்படி நடக்கும் ஆராதனைதான் நினைவுக்கு வரும். அதற்கு மாற்றாக 1988-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் அகிரிகோலா தேவாலயத்தில் தொடங்கியது தோமா ஆராதனை. இயேசு உயிர்த்தெழுந்ததைச் சந்தேகப்பட்ட சீஷன் தோமாவின் பெயரை வைத்ததே, விசுவாசத்தில் தடுமாறுகிறவர்களும் தயங்காமல் வரட்டும் என்றுதான்.

பெரிய வித்தியாசம் ஜெப நேரத்தில். வழக்கமான முறையில் முன்னால் நிற்பவர் பொது ஜெபம் சொல்வார், நாம் இருந்த இடத்திலிருந்தே ஆமென் சொல்வோம். தோமா ஆராதனையில் எழுந்து நடமாடலாம்: ஒருவர் மெழுகுவத்தி ஏற்றுவார், ஒருவர் துண்டுச் சீட்டில் விண்ணப்பம் எழுதி வைப்பார், இன்னொருவர் தனக்காக ஜெபிக்கச் சொல்லி முழங்காலிடுவார், எதுவும் வேண்டாமென்றால் பேசாமல் உட்கார்ந்து பாட்டைக் கேட்கலாம். திருவிருந்து இரண்டிலும் உண்டு.

சரி, உழைப்பு? போதகரும் ஆர்கன் வாசிப்பவரும் இருந்தால் வழக்கமான ஆராதனை ஓடிவிடும். தோமாவுக்குச் சபையார் பலர் சேர்ந்து ஒவ்வொரு முறையும் திட்டமிட வேண்டும். வாராவாரம் என்றால் சின்ன சபை தாங்காது.

இதெல்லாம் லுத்தரன் முறையா என்று சிலர் முறைப்பார்கள். 1523-இல் லத்தீன் முறைமையைத் திருத்திய லுத்தரே 1526-இல் ஜெர்மன் ஆராதனையையும் வகுத்துக் கொடுத்தார். மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒரேமாதிரி இருக்க வேண்டியதில்லை என்று லுத்தரன் சபைகளின் அடிப்படை உபதேச ஆவணமான 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 7-ஆம் பிரிவிலேயே சொல்கிறது. துக்க நேரத்தில் எனக்குப் பழைய முறைமைதான், மனப்பாடமான வார்த்தைகள் தானாக வரும். கேள்விகளோடு வரும் நண்பரை மட்டும் தோமாவுக்குத்தான் அழைத்துப் போவேன்.