ஸ்னோ செயின்னு சொல்லி பிளாஸ்டிக் பட்டிய அனுப்பிட்டான், 8,750 ரூபா போச்சு

கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

நாங்க கீழக்கரை பக்கம். ஜனவரி கடைசில நாலு பேரு சொந்த கார்லயே மணாலி போறதா பிளான். கடற்கரை மணல்ல வண்டி ஓட்டிருக்கோமே ஒழிய ஸ்னோவ கண்ணால பாத்தது கிடையாது. படம் போட்டு சாமான் விக்கிற ஆன்லைன் பேஜ் ஒண்ணுல 'வின்டர் டிரைவிங் கிட்'டுன்னு ஸ்னோல வழுக்காம இருக்க டயர் மேல சுத்தி மாட்டுற செயின் ரெண்டு, மைனஸ் 30 வரைக்கும் உறையாதுன்னு ரேடியேட்டர்ல ஊத்துற கூலண்ட் 5 லிட்டர், ஒரு மணி நேர கிளாஸ், எல்லாம் சேத்து 8,750 ரூபா.

நான் ஒண்ணும் எடுத்தவுடனே பணம் போடல. ரெண்டு நாளா கேள்வி மேல கேள்வி. வீடியோ கால்ல வந்தான், ஸ்டீல் செயினை தூக்கி கலகலன்னு ஆட்டிக் காட்டுனான், "நானும் ராம்நாடுதாண்ணே, ஊருக்காரங்கள ஏமாத்துவனா"ன்னான். அந்த ஊருங்கிற ஒத்த வார்த்தைலதான் விழுந்தேன்.

செவ்வாக்கிழமை பார்சல் வந்துச்சு. பிரிச்சா மஞ்ச கலர் பிளாஸ்டிக் பட்டி, வயர் கட்டுற டேக் இருக்குல்ல, அதுக்கு அண்ணன் மாதிரி. மணல்ல மாட்டி அம்பதடி ஓட்டல, பட்டுபட்டுன்னு மூணு பட்டி தெறிச்சு மட்கார்டுக்குள்ள சிக்கிக்கிச்சு.

அப்பதான் கூலண்ட் மேலயும் சந்தேகம். எங்க அத்தான் மீன் ஏவாரம். வெறும் ஐஸ் ஜீரோ டிகிரிதான், கல்லுப்ப அள்ளிப் போட்டா மைனஸ் பத்துக்கும் கீழ போயிரும்னு சொல்லி வாலிநோக்கம் உப்பு ரெண்டு கிலோவ கொட்டி, ஒரு பாட்டில் கூலண்ட ஐஸ் பெட்டி நடுவுல பொதச்சு வச்சாரு. காலைல எடுத்தா பச்சை கலர்ல கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு, பாட்டில் ஓரம் வெடிச்சிருக்கு. மைனஸ் 30 தாங்குமாம்! இத ஊத்திட்டுப் போயிருந்தா ரேடியேட்டர் கதி என்னாகியிருக்கும்?

கிளாஸ் அதுக்கும் மேல. பழைய ரெக்கார்டிங்க ஓட்டுறான், எந்த வண்டியா இருந்தாலும் செயினை பின் வீல்ல மாட்டுங்க, காத்த பாதியா இறக்கிருங்கன்னு. லடாக் பக்கம் லே-ல ஆர்மி டிரைவரா இருந்த எங்க சித்தப்பா கேட்டுட்டு தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஒங்க வண்டி முன் வீல்ல இழுக்குறதுடா, அதுலதான் மாட்டணும், பின்னாடி மாட்டுனா ஸ்டியரிங் உன் பேச்ச கேக்காது. காத்து இறக்குறதெல்லாம் மணலுக்கு. குளிர்ல அதுவா வேற காத்து கொறையும்."

போன் போட்டா மொதல்ல "சைஸ் தப்பா குடுத்துட்டீங்க சார்" (அண்ணே போயி சார் ஆயிட்டேன்). அப்புறம் "மணல்ல ஓட்டுனா வாரண்டி கேன்சல் சார்". அப்புறம் மேனேஜர் லீவு. நேத்து நைட்டு பிளாக். 8,750 ரூபாங்க, சும்மா இல்ல. சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிச்சு சொல்லியாச்சு.

ஸ்னோல ஓட்டுறத பத்தி விலாவாரியா எழுதலாம்னு உக்காந்தேன், மனசு ஓடல. சித்தப்பா சொன்னது மட்டும். நிழல் விழுற வளைவுல ரோடு ஈரமா மினுங்குனா தண்ணின்னு நினைக்காதீங்க, அது ரோட்டு மேல மெல்லிசா உறைஞ்சு கெடக்குற பிளாக் ஐஸ், பிரேக்க ஓங்கி மிதிச்சா வண்டி சறுக்கிரும், முன்னாடியே சின்ன கியருக்கு வந்துருங்க. ஐஸ்ல வண்டி நிக்க பத்து மடங்கு தூரம்கூட ஆகும். ஸ்னோ கொட்டுனா நாலு வீலும் இழுக்குற ஃபோர் பை ஃபோரோ செயினோ இல்லாத வண்டிய போலீஸ் மணாலி தாண்டி இருக்குற அடல் டனல் பக்கம் விடமாட்டாங்க, அந்த செயினை மணாலிலயே கையால தொட்டுப் பாத்து வாங்குங்க. முன்பணம் மட்டும் போடாதீங்க.

இன்னைக்கு காலைல அந்த பேஜ்ல புது ஆஃபராம், அதே கிட் 6,999. வீடியோல அதே ஸ்டீல் செயின், அதே கலகல.