கொடைக்கானலில் நான்கு நாள்: கேமராவோடு போகிறவர்களுக்கு

நான் இருப்பது அமெரிக்காவில், ஸ்போகேன் என்ற ஊரில். ஊருக்கு நடுவிலேயே ஆறு பாறைகளில் விழுந்து ஓடுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து இறங்கி நடந்தால் பத்து நிமிஷத்தில் அருவி. 1911-இல் கட்டிய மன்ரோ தெருப் பாலமும் அதே படத்துக்குள் வந்துவிடும். மலைப்பனி உருகும் வசந்த காலத்தில் கரைபுரண்டு வரும், ஆகஸ்டில் பாறைதான் தெரியும். எட்டு வருஷமாக அதையே எடுத்துப் பழகிய கை என்னுடையது.

ஆனால் பிறந்தது வத்தலக்குண்டு. பழனி மலை தலைக்கு மேலேயே நிற்கிற ஊர். அப்படியிருந்தும் அந்த மலையின் அருவிகளை உருப்படியாக ஒரு படம் எடுத்ததில்லை என்பது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த முறை ஐப்பசி மழையைக் கணக்குப் பண்ணி நவம்பரில் லீவு போட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். அம்மா பர்ஸில் ஒரு பழைய படத்தை வைத்துக் கொண்டு வந்தார். 1983-இல் வெள்ளி நீர்வீழ்ச்சி முன்னால் அப்பாவும் அவரும் நிற்கிற படம். அங்கே நின்ற போட்டோக்காரர் எடுத்து, விலாசம் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பிய பிரிண்ட். அப்பா இப்போது இல்லை.

முதலில் இ-பாஸ் விஷயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் வைத்துப் பதியலாம்; நான் அம்மாவின் செல் நம்பருக்கு ஓடிபி வாங்கி ஐந்து நிமிஷத்தில் முடித்தேன். அரசு பஸ்ஸில் போனால் இந்த வேலையே இல்லை. கோடையில் போகிறவர்கள் முன்கூட்டியே பதியுங்கள். 2025 கோடைக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று கணக்கு வைத்தார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மட்டும் கொண்டு போகாதீர்கள். ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எவர்சில்வர் பாட்டிலே நல்லது.

முதல் நாள் வீணாய்ப் போனதற்குக் காரணம் நான் ஸ்போகேனிலிருந்தே ஆன்லைனில் பதிந்த ஒரு சுற்றுலா பேக்கேஜ். பன்னிரண்டு பாயின்ட், காலை ஒன்பது முதல் நான்கு வரை. கேமராக்காரன் என்று இரண்டு முறை எழுதிப் போட்டிருந்தேன், சரி என்றுதான் பதிலும் வந்தது. ஆனால் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கால் மணி நேரம். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு உச்சி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெள்ளைத் தண்ணீர்மேல் வெயில் விழுந்து படம் முழுக்க வெளிறிப் போனது. கேமரா முக்காலியை விரிப்பதற்குள் ஹார்ன். டிரைவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அடுத்த ட்ரிப் இருக்கிறது. கடைசியில் வெயிட்டிங் சார்ஜ் என்று தனியாக 600 ரூபாய் கேட்டார்கள். போன் செய்து கேட்டதற்கு, ஆபீஸில் பேசிக்கொள்ளுங்கள் என்று மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டேன். பணம் போனதைவிட வெளிச்சம் போனதுதான் வலித்தது.

மறுநாள் டாக்ஸி ஸ்டாண்டில் நேரில் போய்ப் பேசினேன். முப்பது வயது இருக்கும் ஒரு தம்பி. பாயின்ட் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. “வெளிச்சம் எப்படி வேணும்ணே? வெயில் படாம வேணுமா, மேகம் ஏறுறப்ப வேணுமா?” என்றார். அந்தக் கேள்விக்கே வாடகை கொடுக்கலாம். பாயின்ட் கணக்கு இல்லாமல் மணிக்கணக்கில் பேசிக்கொண்டோம்: விடியற்காலை ஐந்தே கால் முதல் பதினொரு மணி வரை, 2,500 ரூபாய். வெயிட்டிங்கெல்லாம் அதற்குள்ளேயே. கிளம்பும் முன் அவர் போய்ப் பார்த்து வந்தது ஏரியை. “ஏரி வழிஞ்சாத்தான்ணே அங்க தண்ணி. ராத்திரி நல்லா வழியுது” என்றார். 1863-இல் லெவிஞ்ச் துரை அணை கட்டி உண்டாக்கிய அந்த ஏரியின் வடிகால்தான் எட்டு கிலோமீட்டர் கீழே 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. இது எனக்கும் தெரியும். ஆனால் ஏரிக்கரையைப் பார்த்து அருவிக்கு நேரம் குறிக்கத் தெரியாது.

ஆறு மணிக்குப் போய் நின்றோம். ஒரு டூரிஸ்ட் வண்டிகூட இல்லை. அப்போதுதான் ஒருவர் டீக்கடையின் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் பாறையைத் தொடவில்லை. எங்கும் ஒரே சாம்பல் வெளிச்சம், தண்ணீரின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, கால் வினாடி. லென்ஸ்மேல் மாட்டியிருந்த போலரைசர் ஃபில்டரைத் திருப்பியதும் ஈரப்பாறையின் பளபளப்பு அடங்கி, பாசியின் பச்சை மேலே வந்தது. ஷட்டரை ஒரு வினாடிக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். தண்ணீர் பஞ்சு மாதிரி ஆகி, விழுகிற வேகமே தெரியாமல் போய்விடும். சாரல் லென்ஸில் ஒட்டிக்கொண்டே இருந்தது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டுத் துவைத்த வேட்டித்துணி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கி வைத்திருந்த மைக்ரோஃபைபர் துணி நனைந்து எதற்கும் ஆகாமல் போயிருந்தது. அந்தப் பருத்தித் துணிதான் காலை முழுக்கக் காப்பாற்றியது. குரங்குகளுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். லென்ஸ் மூடியைத் தின்பண்டம் என்று நினைத்துத் தூக்கும். ஒரு வருத்தமும் உண்டு: கீழே தேங்கும் இடத்தில் நுரையும் லேசான நாற்றமும் இருந்தன. ஊருக்குள் இருந்து வருகிற தண்ணீர், குளிக்க இறங்க வேண்டாம்.

ஏழரை மணிக்கு மேல் போட்டோக்காரர்கள் வந்தார்கள். கழுத்தில் கேமரா, தோள்பையில் சின்ன பிரிண்டர். அதில் வயதான ஒருவர் அம்மா கையில் இருந்த பழைய படத்தை எட்டிப் பார்த்தார். வாங்கிப் பின்பக்கம் திருப்பினார், மங்கிப்போன ரப்பர் ஸ்டாம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு பாறையைப் பார்த்தார். “இது இங்க இருந்து எடுத்தது இல்லம்மா. அந்த மேட்டுல நின்னு எடுத்துருக்காக” என்று நாலடி தள்ளி ஒரு இடத்தைக் காட்டினார். எடுத்தவர் நின்ற இடத்தை அத்தனை வருஷம் கழித்துக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். நானும் அம்மாவும் அருவி முன்னால் நின்றோம். அப்பா நின்ற பக்கம் நான். “தம்பி, கொஞ்சம் பின்னால வா. உங்க அப்பா தோள் அம்மாவுக்குப் பின்னாலதான் இருக்கு” என்றார். இரண்டே இரண்டு கிளிக். ஒரு நிமிஷத்தில் பிரிண்ட், 100 ரூபாய். நான்கு நாளில் நான் எடுத்த நானூறு படங்களில் எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அம்மா பழைய படத்தில் இருந்த பாறை வெடிப்பைப் புதியதிலும் விரலால் தேடித் தொட்டுக் காட்டினார்.

இங்கே போகிறவர்கள் இந்தப் போட்டோக்காரர்களை வேண்டாம் என்று கையசைத்துத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் செல்போன் நல்ல செல்போனாகவே இருக்கட்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலை ஏறும்போது டம்டம் பாறையில் கட்டாயம் நிறுத்துங்கள். பள்ளத்தாக்குக்கு எதிரில் தெரிவது தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 975 அடி, தமிழ்நாட்டிலேயே உயரமானது. தூரம் அதிகம் என்பதால் 200 மில்லிமீட்டர் லென்ஸாவது வேண்டும். மேகம் ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது, அதனால் காலையிலேயே. தூண்பாறையில் நாற்பது நிமிஷம் வெறும் வெள்ளைப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திறந்தது மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்துக்காகத்தான் மணிக்கணக்கு வாடகை. 1872-இல் போட்ட கோக்கர்ஸ் நடைபாதையில் சாயங்காலம் வெயில் முதுகுக்குப் பின்னாலும் மேகம் எதிரிலும் இருந்தால், உங்கள் நிழலே வானவில் வளையத்தோடு மேகத்தில் விழும். எனக்கு வாய்க்கவில்லை.

சூரிய ஆய்வுக்கூடத்தை விட்டுவிடாதீர்கள். 1899-இல் தொடங்கியது. 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்துவைத்த இடம். 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்ததும் இங்கேதான். ஒரே பொருளை நூறு வருஷத்துக்கும் மேலாகச் சலிக்காமல் எடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தபோது அந்தப் படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டிரைவர் தம்பியின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்போகேன் திரும்பி மூன்றாம் நாள், இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்த ராத்திரியில், வாட்ஸ்அப்பில் ஏரி மதகின் படம் ஒன்று வந்தது. கீழே எழுதியிருந்தார்: “ரெண்டு நாளா மழைண்ணே. நீங்க இருந்தப்பவிட இப்ப பெரிய தண்ணி.”