ஹெல்ஸ் கேட்: ஊழியக் குழுவாகப் போவதென்றால் சைக்கிளில் போங்கள்

கென்யாவில் ஊழியம் செய்யும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டீமோடு ஒரு நாள் வெளியே போகணும், எங்கே போகலாம்?" என் பதில் நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா. வேன் வேண்டாம், சைக்கிளில் போங்கள்.

ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் குழுவில் கென்யா நர்ஸ்கள், நைஜீரியா சர்ஜன், கொரியாவிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா, டிரைவர், நான். வேலை, தூக்கம், காலை ஜெபம் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். ஆனாலும் பேச்சு முழுக்க நோயாளி, ரத்தம், ஜெனரேட்டர் டீசல் என்றே போய்விடும். கூட வேலை செய்கிறவருக்கு என்ன கவலை என்று கேட்க நேரமே வாய்க்காது.

மசாய் மாரா மாதிரி சஃபாரி இடங்களில் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மிருகங்களைப் பார்க்க அது அருமையான இடம். ஆனால் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் ஐக்கியம் எப்படி வளரும்? ஹெல்ஸ் கேட்டில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். 1984-இல் அறிவிக்கப்பட்ட சின்னப் பூங்காதான், 68 சதுர கிலோமீட்டர். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, மான், காட்டுப்பன்றி எல்லாம் பாதைக்குப் பக்கத்திலேயே மேயும். காட்டெருமையிடம் மட்டும் நெருங்கவே கூடாது. தூரத்தில் தெரிந்தாலே நின்றுவிடுங்கள், அது விலகிப் போகட்டும்.

சைக்கிள் வாடகைக் கடைகளுக்கு மட்டும் 5-க்கு 2 மதிப்பெண்தான் கொடுப்பேன். நாங்கள் எடுத்த இடத்தில் பாதி சைக்கிள்களுக்குப் பின் பிரேக் பிடிக்கவில்லை, ஹெல்மெட்டும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பூங்காவின் எல்சா கேட் வாசல் பக்கமும் ஏரிச்சாலை முக்கிலும் வாடகைக்கு விடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் அவசரப்படாமல் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், சீட்டை உங்கள் உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். பாதை எரிமலைச் சாம்பல் மண். வண்டி ஒன்று கடந்துபோனால் தூசி கண்ணை மறைத்துவிடும்.

எங்கள் சர்ஜன் வார்டில் நடந்தால் நாங்கள் பின்னால் ஓட வேண்டியிருக்கும். இங்கே அவர்தான் கடைசியில் வந்தார். சின்ன வயதுக்குப் பிறகு சைக்கிளையே தொடாத ஆபரேஷன் தியேட்டர் நர்ஸின் பக்கத்திலேயே கொரிய அக்கா கடைசிவரை மெதுவாக மிதித்து வந்தார். வண்டி வேண்டுமென்றால் மட்டும் நாங்கள் போன் செய்கிற டிரைவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் போனார். செயின் கழன்றபோது மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். கையைத் துடைத்துக்கொண்டே தன் மகளின் பள்ளிக் கட்டணம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சர்ஜன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அந்த டிரைவர் ஓட்டிய வண்டியில்தான் போய் வந்தோம், இது எங்களில் யாருக்கும் தெரியாது. இந்த ஒன்றுக்காகவே நான் இந்தப் பயணத்தைப் பரிந்துரைப்பேன்.

உள்ளே போனதும் முதலில் வருவது ஃபிஷர் டவர். சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு நெட்டாக நிற்கும் எரிமலைப் பாறை. கயிறு கட்டி ஏற்றிவிட உள்ளூர் இளைஞர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம். நிதானமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், பயந்தவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. கீழே பாறை இடுக்குகளில் குழிமுசல்கள் (ராக் ஹைராக்ஸ்), நாம் வேதத்தில் வாசித்த அதே பிராணிகள். பையைத் திறந்தால் பக்கத்திலேயே வந்துவிடும், சாப்பாடு போடாதீர்கள். அந்த நிழலில் சப்பாத்தியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மொழியில் ஜெபித்தோம்.

அப்புறம் பள்ளம். ஒல் நிஜோரோவா என்கிற இந்தக் குறுகலான பள்ளத்துக்காகவே பலர் இங்கே வருகிறார்கள். சுவர்கள் உயரமாக நெருங்கி நிற்கும், பாறையிலிருந்து வெந்நீர் கசியும். பக்கத்து ஒல்காரியாவில் இதே பூமிச் சூட்டில்தான் 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். குழாய்களும் நீராவியும் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் தயவுசெய்து கவனியுங்கள்: தூரத்து மலையில் மழை பெய்தாலும் அந்த வெள்ளம் முழுவதும் இந்த இடுக்குக்குள்தான் பாயும். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஏறித் தப்பிக்க வழி இருக்காது. 2012 ஏப்ரலில் ஒரு சபையிலிருந்து சுற்றுலா வந்தவர்களில் 7 பேர் இப்படித்தான் இறந்தார்கள். 2019 செப்டம்பரில், பெருமழைக் காலம்கூட இல்லாதபோது, மறுபடியும் 7 பேர். நம்மைப் போலவே சந்தோஷமாகக் கிளம்பி வந்தவர்கள்.

எங்கள் வழிகாட்டி மசாய் இனத்து இளைஞர். மலைப்பக்கம் மேகம் கறுத்ததைப் பார்த்ததும் "இன்று கீழே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இறங்கினால் அவருக்குக் காசு கிடைத்திருக்கும், இருந்தும் சொன்னார். அவருடைய சேவைக்கு 5-க்கு 5 மதிப்பெண். குழுவில் இரண்டு பேருக்கு ஏமாற்றம்தான், முகத்திலேயே தெரிந்தது. சரி என்று மேலேயே உட்கார்ந்து விளிம்பிலிருந்து பார்த்தோம். உங்கள் வழிகாட்டியும் வேண்டாம் என்றால் கேளுங்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வற்புறுத்தாதீர்கள். வாசலில் ரேஞ்சர்களிடம் அன்றைய நிலவரத்தையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

திரும்பும்போது வெயிலும் தூசியும் சேர்ந்து கால் கடுத்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் என்பதால் புதிதாக வந்தவர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். ஓட்ட முடியாதவர்களுக்காக ஒரு வண்டியைப் பூங்காவின் இன்னொரு வாசலான ஒல்காரியா கேட் பக்கம் நிறுத்தி வைப்பது நல்லது. ஏரிக்கரையில் பொரித்த திலாப்பியா மீனும் உகாலியும் (சோளமாவுக் களி) சாப்பிட்டோம். மீன் பரவாயில்லை.

பணவிஷயம்: நுழைவுக் கட்டணத்தை கென்ய அரசின் இ-சிட்டிசன் இணையதளத்தில்தான் கட்ட வேண்டும், வாசலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் சுற்றுலாப் பயணிகளைவிடக் குறைவு, ஏலியன் கார்டை (வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) மறக்காதீர்கள். நைரோபியிலிருந்து நைவாஷா சுமார் 90 கிலோமீட்டர். விடிவதற்குள் கிளம்பினால் வெயில் ஏறுமுன் சைக்கிளை எடுத்துவிடலாம்.