கலர் கிண்டில்: தமிழ் வாசகர் 90 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாமா?

அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலில் முதல் வண்ணத் திரை மாடலான கலர்சாஃப்ட், 2024 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவில் 280 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதே 7 அங்குலத் திரை கொண்ட கறுப்பு வெள்ளைக் கிண்டிலான பேப்பர்வைட்டின் விலை அங்கே 160 டாலர். 2025 ஜூலையில் 16 ஜிபி கலர்சாஃப்ட் 250 டாலருக்கு வந்த பிறகும் வித்தியாசம் 90 டாலர். கதை, கட்டுரை மட்டும் படிப்பவருக்கு அந்தப் பணம் வீண். சொல்லப்போனால் படிக்கும் சுகமும் கொஞ்சம் குறையும்.

காரணம் திரையில் இருக்கிறது. இதிலும் அடியில் இருப்பது காகிதம் போலத் தெரியும் கறுப்பு வெள்ளை இ-இங்க் திரைதான். அதன் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் உள்ளே போகும்போது ஒரு பங்கு, திரும்பும்போது ஒரு பங்கு என அந்த அடுக்கு விழுங்கிவிடுகிறது. முன்விளக்கை அணைத்தால் பக்கம் சாம்பல் பூத்துத் தெரியும். பேப்பர்வைட்டில் விளக்கே தேவைப்படாத அறையில்கூட இதற்கு விளக்கு வேண்டும். பேட்டரி பற்றி அமேசான் சொல்லும் கணக்கிலேயே பேப்பர்வைட்டுக்கு 12 வாரம், இதற்கு 8 வாரம்.

கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள். வண்ணத்துக்கு 150 மட்டுமே. கறுப்பில் கூர்மையாக நிற்கும் ண, ஞ, ஐ போன்ற சுழி எழுத்துகள், சிறிய அளவில் சிவப்பிலோ நீலத்திலோ அச்சாகியிருந்தால் மசங்கிவிடும்.

பலர் வாங்க நினைப்பது பிடிஎஃப் படிக்கத்தான். ஈழத்துத் தமிழ் நூல்களைத் திரட்டும் ‘நூலகம்’ இணையதளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஸ்கேன் செய்த நூல்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் திரையின் அகலம் சுமார் 107 மி.மீ., ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. 12 பாயிண்ட் எழுத்து 6 பாயிண்டாகச் சுருங்கும். படிப்பது மிகச் சிரமம். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் 8 பாயிண்ட் வரை வரும், ஒரு பக்கத்தை இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டும். சுமார் 140 மி.மீ. அகலமுள்ள டெமி அளவு நாவல் என்றால் ஓரங்களை வெட்டிவிட்டு நிமிர்த்தியே படிக்கலாம். வார இதழ்களின் மூன்று பத்திப் பக்கங்களை மறந்துவிடுங்கள்.

வண்ணத் திரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பழுப்பேறிய தாளை வண்ணத்தில் ஸ்கேன் செய்திருந்தால், அந்தப் பழுப்பையும் கருவி 4,096 நிறங்களுக்குள் காட்டப் பார்க்கும். பக்கம் முழுக்கப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை ஓட்டினால் ஓரத்தை வெட்டி, சாம்பல் நிறத்துக்கு மாற்றித் தரும். முதலில் பத்துப் பக்கம் மட்டும் மாற்றிப் பாருங்கள். கோணலான ஸ்கேனில் வரிகள் சிதறலாம். 200 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கோப்புகளைக் கருவிக்கு அனுப்பும் அமேசானின் சென்ட் டு கிண்டில் இணையப்பக்கம் ஏற்காது, யூஎஸ்பி கேபிளில் ஏற்றுங்கள். (விலைக்கு வாங்கிய நூல்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பியில் ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26-இல் அமேசான் நிறுத்தியது. உங்கள் சொந்தக் கோப்புகளை ஏற்றத் தடையில்லை.) அதே நூல் ஈபப் என்ற மின்னூல் வடிவில் கிடைத்தால் பிடிஎஃப் பக்கமே போக வேண்டாம், எழுத்தின் அளவை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

வண்ணம் உண்மையிலேயே பயன்படும் இடம் குழந்தைகளின் படக்கதை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்துக்கு நாலைந்து வரி, பெரிய எழுத்து, அகலமான படம். இந்தத் திரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நிறங்கள் ஃபோனில் போலப் பளிச்சென்று இராது, செய்தித்தாள் இணைப்பிதழின் அச்சு போல மங்கலாகவே இருக்கும். அமைப்புகளில் ‘விவிட்’ தேர்ந்தால் சற்று ஏறும்.

வாங்குவதென்று முடிவு செய்தால், பெட்டியைப் பிரித்த அன்றே வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விளக்கை முழுதாக ஏற்றி, திரையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். முதல் தொகுப்பில் சிலவற்றில் அங்கே மஞ்சள் பட்டை தெரிந்தது. அமேசான் அதை ஒப்புக்கொண்டு சரிசெய்தது. ஆனாலும் பழைய இருப்பு எங்காவது கிடக்கலாம், செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் கட்டாயம் பார்க்க வேண்டும். பேனாவால் குறிப்பெழுதும் எண்ணம் இருந்தால் இந்த 7 அங்குலக் கலர்சாஃப்டில் அதற்கு வழியே இல்லை. அதே வகைத் திரையும், பக்கம் திருப்பப் பொத்தான்களும், ஸ்டைலஸ் வசதியும் உள்ள கோபோ நிறுவனத்தின் லிப்ரா கலர் கருவியை அமெரிக்காவில் 220 டாலருக்கு அறிமுகப்படுத்தினார்கள். பேனா மட்டும் தனி விலை.